மூச்சுப் பிடிப்பு

எங்கள் ஊர்ப் பக்கம் கழுத்துக்குக் கீழே, இடுப்புக்கு மேலே எங்கே வலித்தாலும் அதற்குப் பெயர் மூச்சுப் பிடிப்பு. தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால் மூச்சுப் பிடிக்கும். கரும்புக் கட்டை இறக்கினால் மூச்சுப் பிடிக்கும். ஒரே பக்கமாகப் படுத்துத் தூங்கிவிட்டு எழுந்தால்கூடப் பிடிக்கும். யாராவது எண்ணெய் போட்டு நீவி எடுத்துவிடுவார்கள், ஒரு சோடா குடித்தால் ஏப்பம் வரும், அதோடு சரி. கள்ளக்குறிச்சியிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு ஐம்பத்து மூன்று வயது வரை அந்தச் சொல்லின் மேல் ஒரு சந்தேகமும் வந்ததில்லை. என் வீட்டுக்காரரைக் கிட்டத்தட்டக் கொன்ற சொல் அது. சொல்லின் மேல் பழியைப் போடுவானேன்? அதைச் சொன்னது நான்.

நான் தையற்காரி. இருபத்தைந்து வருஷம் மெஷின் முன்னால் குனிந்து உட்கார்ந்ததில் இடுப்பு போய்விட்டது. ஒருநாள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துவிட்டு எழுந்திருக்கப் பார்க்கிறேன், முடியவில்லை. ஸ்டூலோடு ஒட்டவைத்த மாதிரி ஆகிவிட்டேன். ஊசி போட்டார்கள், பெல்ட் கொடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை தின்று வயிறு புண்ணானதுதான் மிச்சம். அந்தச் சமயத்தில் இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் பத்து நாள் யோகா வகுப்பு நடத்தினார்கள். சும்மா போய்ப் பார்ப்போமே என்றுதான் போனேன். வீட்டிலும் விடாமல் செய்ததில் மூன்றாவது மாசம் இடுப்பு வலி போன இடம் தெரியவில்லை. காலையில் மூச்சை இழுத்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தால் மனசில் இருக்கிற குப்பையெல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். கோயிலுக்குப் போய் வந்தால் இருக்குமே ஒரு நிம்மதி, அது வீட்டிலேயே கிடைத்தது. அதன் மேல் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறைதான்.

மேலும் படித்தேன், சான்றிதழ் வாங்கினேன். என்னிடம் துணி தைக்கிற ஒரு ரைஸ் மில்காரம்மா நெல் காயவைக்கிற சிமென்ட் களத்தைக் காலை நேரத்துக்குக் கொடுத்தார். ஆறு வருஷமாக அங்கேதான் வகுப்பு. பன்னிரண்டு பெண்கள் வருவார்கள். அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்ப ஆட்கள் வருவதற்குள் பாயைச் சுருட்டிவிட வேண்டும். காசு வாங்குவதில்லை. அதனால் அதிகாரத்துக்குக் குறைச்சலே இல்லை. என் வகுப்பில் தும்முவதற்குக்கூட யோசிப்பார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தொட்டதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தலைவலி என்று எவளாவது மாத்திரையைப் பிரித்தால் பிடுங்கி வைத்துவிடுவேன். ஒழுங்காக மூச்சு விட்டால் உடம்பு தன்னையே பார்த்துக்கொள்ளும் என்பேன். மனசாரத்தான் சொன்னேன். என் இடுப்பே சாட்சியாக இருந்தது.

என் வீட்டுக்காரர் களமருதூர்க்காரர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். யோகா என்றாலே அவருக்குக் கிண்டல்தான். சொந்தக்காரர்கள் வந்தால் போதும், நாக்கை நீட்டிக் கண்ணை உருட்டி நான் செய்கிற சிங்க ஆசனத்தைச் செய்துகாட்டுவார். வீடே சிரிக்கும். நான் அடுப்படியில் பாத்திரத்தை நங்கென்று வைப்பேன். ஒருமுறை அவருக்கு முட்டி வலி வந்து எனக்குத் தெரியாமல் டாக்டரிடம் போய்விட்டார். துவைக்க எடுத்த சட்டையில் மாத்திரை அட்டை கிடைத்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டிலேயே இப்படியா என்று நான் எகிறிய எகிறில் அவர் பேச்சு மூச்சில்லாமல் உட்கார்ந்திருந்தார். நான்கு நாள் அவரிடம் பேசவில்லை. ஐந்தாம் நாள் முட்டியை நீட்டி மடக்கச் சொல்லி நானே பழக்கிவிட்டேன். முட்டி வலி குறைந்தது. அப்புறம் அவர் எந்த டாக்டரிடமும் போகவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

போன தை மாசம் வகுப்புப் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்வராயன் மலைக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. கரியாலூர்ப் பக்கத்தில் ஒரு பெண், சாமையும் மிளகும் சந்தைக்குக் கொண்டுவரும்போதெல்லாம் என்னிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவள், தன் வீட்டுக் களத்தில் வந்து செய்யுங்கள் என்று சொல்லியிருந்தாள். மலைக்காற்றில் யோகா, அவள் வீட்டில் சாமைச் சோறு, பிறகு அருவி. வேன் எங்கள் வேன்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனை நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரர் என் தையல் கடை வாசலிலேயே நின்றுகொண்டு, "ஞாயித்துக்கெழம நானும் ஒரு பாய் போட்டுக்கறன்," என்றார்.

எனக்கு நம்பவே முடியவில்லை. கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. ஆறு வருஷம் சிரித்த மனுஷன்! ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. சந்தோஷத்தில் அன்று தைத்த ஜாக்கெட்டில் வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை அவருக்காகப் புதுப் பாய் ஒன்று வாங்கிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வளைவு வளைவாக ஏறி அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறரை. பல் கிட்டுகிற குளிர். சாமை அடித்து முடித்த களத்தைச் சாணி போட்டு மெழுகி வைத்திருந்தாள். பன்னிரண்டு பாய்களுக்குப் பின்னால் கடைசியில் அவருடைய பாய். பெண்கள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஒரு அதட்டு அதட்டினேன்.

முதலில் மூச்சுப் பயிற்சி. இழு, பிடி, விடு. நான் எண்ணிக்கை சொல்லச் சொல்ல ஒவ்வொருத்தியாக விட்டுவிட்டார்கள். அவர் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு பிடித்துக்கொண்டே இருந்தார். இருபது சொன்னேன், முப்பது சொன்னேன். சின்ன வயசில் கிணற்றில் முங்கினால் ஆளே போய்விட்டான் என்று ஊர் கூடிவிடும் என்பார், அந்த ஆளாயிற்றே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா, முதல் நாளே எப்படிப் பிடிக்கிறார் என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மறுபடியும் இழுக்கச் சொன்னேன். மறுபடியும் பிடித்தார். மூன்றாவது தடவை விட்டபோது முன்னால் சாய்ந்து இடது தோளைப் பிடித்துக்கொண்டார்.

முதுகில் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்றார். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் மூச்சுப் பிடிப்பு என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். எனக்கு ஒரு துளிப் பயம்கூட வரவில்லை. பழக்கமில்லாத உடம்பு, அளவுக்கு மீறிப் பிடித்துவிட்டார், அவ்வளவுதான். நீவி விட்டால் போய்விடும் என்றேன்.

அந்த வீட்டுக்காரிக்கு மூச்சுப் பிடிப்பு எடுக்கத் தெரியும். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவர் முதுகுப் பக்கம் உட்கார்ந்தாள். சட்டையைத் தூக்கித் தோள்பட்டையிலிருந்து விரலால் அமுக்கிக்கொண்டே வந்தாள். பாதி முதுகு வந்ததும் கையை நிறுத்திவிட்டாள்.

"யக்கா, இந்தக் குளுருல அண்ணனுக்கு சட்ட நனஞ்சிருக்குது," என்றாள்.

யோகா செய்தால் வியர்க்கத்தான் செய்யும், கெட்ட நீரெல்லாம் வெளியே போகிறது என்றேன். கடவுளே, அப்படியேதான் சொன்னேன். இதை எழுதும்போதும் என் வாயில் நானே அடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. அவள் விடவில்லை. மூச்சுப் பிடித்திருந்தால் அந்த இடத்தை அமுக்கும்போது உயிர் போகிற மாதிரி வலிக்க வேண்டும், இவருக்கு எங்கே அமுக்கினாலும் வலி கூடவும் இல்லை குறையவும் இல்லை என்கிறார், இது வேறு எதுவோ என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் பெண்கள் முன்னால் இவள் எனக்குச் சொல்லிக்கொடுக்கிறாளா?

"ஒனக்கு யோகாவப் பத்தி இன்னா தெரியும்?" என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள். அவள் வீட்டுக் களத்தில் நின்றுகொண்டு அவளைத்தான் அப்படிக் கேட்டேன்.

வகுப்பை முடித்தேன். நிறுத்தவில்லை, முழுசாக நடத்தித்தான் முடித்தேன். அவர் பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டார்கள், அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. சுக்குக் காப்பி மட்டும் குடித்தார். ஒரு ஏப்பம் வந்தது. பார்த்தீர்களா, பிடிப்பு விட்டுவிட்டது என்று நான் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அருவிக்குப் போகவேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். பெண்களுக்கு முகம் சுண்டிவிட்டது. எனக்கும்தான்.

வேனை அவர்தான் ஓட்டினார். எங்களில் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாது. பின்னால் பன்னிரண்டு பேர், பக்கத்து சீட்டில் நான். இறக்கத்தில் மூன்றாவது வளைவில் வண்டி மெதுவாகி நின்றது. கை பிரேக்கை இழுத்துவிட்டு ஸ்டீயரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்த நிலையிலும் பிரேக் போட வேண்டும் என்று அந்த மனுஷனுக்குத் தோன்றியிருக்கிறது. பின்னால் இருந்தவர்கள் அதைத்தான் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள்.

நான் என்ன செய்தேன்? முதலில் கோபப்பட்டேன். மறுபடியும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதானே ஓட்டினீர்கள், ஒழுங்காக விடுங்கள் என்று கத்தினேன். பிறகு நாலு பேராகப் பிடித்து இறக்கி, சாலை ஓரத்தில் அந்தப் புதுப் பாயை விரித்துச் சவாசனத்தில் படுக்க வைத்தேன். தலைமாட்டில் உட்கார்ந்து வகுப்பில் சொல்கிற மாதிரியே சொல்ல ஆரம்பித்தேன். கால் விரல்கள் தளரட்டும். கணுக்கால் தளரட்டும். முழங்கால் தளரட்டும். நான் சொல்லச் சொல்ல அவர் அப்படியே செய்தார். விரலைத் தளர்த்தச் சொன்னபோது விரலைத் தளர்த்தினார். நான் அவர் வயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று. முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிமலையிலிருந்து வந்த பஸ் வளைவில் நின்று ஆரன் அடித்தது. எங்கள் வேன் வழியை மறித்திருந்தது. டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். மூச்சுப் பிடித்துக்கொண்டது, ஐந்து நிமிஷத்தில் சரியாகிவிடும் என்று நான் அவரை நிறுத்தினேன். டிரைவர் பாய்க்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"மூச்சுப் புடிப்புக்கு ஒதடு நீலமாவுமா யக்கா?" என்றார்.

அப்போதுதான் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷமாகப் பார்த்த முகம், எனக்கு அடையாளம் தெரியவில்லை. சாம்பல் பூசிய மாதிரி இருந்தது. உதடு நாவற்பழம் தின்றவர் உதடு மாதிரி இருந்தது. என் வாய் மட்டும் அப்போதும், மூச்சுப் பிடிப்புங்க, மூச்சுப் பிடிப்புங்க என்றே சொல்லிக்கொண்டிருந்ததாம். பக்கத்தில் நின்றவள் பிறகு சொன்னாள்.

பஸ்ஸில் இருந்த ஆண்கள் பாயோடு அவரைத் தூக்கிக் கடைசி சீட்டில் கிடத்தினார்கள். யாரோ வேனைத் தள்ளி ஓரம் கட்டினார்கள். கண்டக்டர் ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுக்கொண்டே இருந்தார், மலையில் சிக்னல் கிடைக்கவில்லை. எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் பஸ் இறங்கியது, அடிவாரம் நெருங்கிய பிறகுதான் போன் கிடைத்தது. அணைக்குக் கீழே ஆம்புலன்ஸ் எதிரே வந்தது. அவர் தலையை என் மடியில் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக் காகிதம் எடுத்துப் பார்த்தாள். ஹார்ட் அட்டாக் என்றாள். வலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, சரியாகச் சொல்லுங்கள், அதை வைத்துத்தான் மருந்து என்றாள். ஆறே முக்கால், மூச்சைப் பிடித்தபோதுதான் வந்தது என்றேன். படுத்திருந்தவர் ஒயர் ஒட்டிய கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார்.

"மூணு மணி நேரமா?" என்று டாக்டர் கேட்டாள்.

அவர் தலையை ஆட்டினார். மூக்கில் வைத்திருந்த ஆக்சிஜன் மாஸ்க்கை லேசாக நகர்த்தி, "மூணு நாளுங்க," என்றார்.

மூன்று நாள் என்றால் வியாழக்கிழமை. வியாழனும் வெள்ளியும் வேன் நிறையப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் வந்து நின்றபோது அந்த நெஞ்சு வலித்துக்கொண்டிருந்தது. மூன்று நாளாக என்ன செய்தீர்கள், யாரிடமும் காட்டவில்லையா என்று டாக்டர் கேட்டாள். விட்டு விட்டு வந்தது, மூச்சுப் பிடிப்பு என்று நினைத்தேன், யோகா செய்தால் எடுத்துக்கொள்ளும் என்று பார்த்தேன் என்றார். டாக்டர் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் யோகா டீச்சர் என்று அவளுக்குத் தெரியாது.

அன்று மதியமே அடைப்பெடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். உயிருக்கு இப்போதைக்குப் பயமில்லை, ஆனால் இதயத்தில் ஒரு பக்கம் பழுதாகிவிட்டது, இனி வேன் ஓட்டக்கூடாது என்றார்கள். அந்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். இந்த வாரம் பூரா சின்ன வலி வந்தாலும் உடனே சொல்ல வேண்டும். மறைத்தால் மறுபடியும் அடைத்துக்கொள்ளலாம், அப்படி அடைத்தால் காப்பாற்ற முடியும் என்று சொல்ல முடியாது என்றாள். அவரிடமும் சொன்னாள். அவர் சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார்.

வராந்தாவில் உட்கார்ந்து நான் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கட்டின பெண்டாட்டியிடம் சொல்லாத வலி என்ன வலி? பிடிவாதம், களமருதூர்ப் பிடிவாதம் என்று கூட இருந்த பெண்களிடம் புலம்பினேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அதுவும் கோபம்தான் வந்தது.

மூன்றாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே பச்சைத் திரை. நான் வந்தது அவருக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டில்காரர் என்னங்க, நெஞ்சைத் தடவிக்கொண்டே இருக்கிறீர்கள் என்று கேட்பது காதில் விழுந்தது.

"லேசா வலிக்குது," என்றார் என் வீட்டுக்காரர். "எங்க வூட்ல வந்தா சொல்லிக்கினு கிடக்காதீங்க. கோச்சிக்கும்."

திரைக்கு இந்தப் பக்கம் எனக்கு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. நெஞ்சில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறார், உயிர் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள், இந்த மனுஷன் பயப்படுவது அதற்கில்லை. எனக்கு. இத்தனை வருஷம் என்னைக் கேலி செய்துகொண்டே என்னைப் பார்த்து இவ்வளவு பயந்திருக்கிறார், எனக்குத் தெரியவே தெரியாது. பிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டுத் திரையை விலக்கினேன்.

"வலிக்குதாங்க?" என்றேன். அவ்வளவு மெதுவாக நான் அவரிடம் எதையும் கேட்டதில்லை.

அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். நான் கோபமாக இருக்கிறேனா இல்லையா என்று பார்த்தார். பிறகு நெஞ்சிலிருந்து கையை எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"இல்லியே, நல்லாத்தான் இருக்குது," என்றார்.

நான் டாக்டரைக் கூப்பிட ஓடினேன்.